பிரவுசருக்குள் குடிபுகுந்த பழைய புரோகிராம்கள்

பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமைத் திருத்தி எழுதாமல் அப்படியே பிரவுசருக்குள் கொண்டுவரும் கருவிகள் வந்துவிட்டன. அவை தயாரா இல்லையா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அடுத்தவர் செய்ததற்கு ‘சரி’ சொல்லும் உத்தியோகத்தில் நீங்களும் மாட்டியிருந்தால் என் கஷ்டம் புரியும். பிழை வந்தால் செய்தவனை யாரும் தேடமாட்டார்கள், சரி சொன்னவளைத்தான் தேடுவார்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போ கம்பெனியில் புரோகிராமர் குமரன் கட்டிய கருவியைச் சோதித்த மாதங்களில் நடந்தவை இவை.

ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டர்

ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயில் ஒரு பாய் சாப்பாட்டுக்கடை. மேசையில் சொல்லும் ஆர்டரைச் சமையல்கட்டில் காட்டும் புரோகிராமை முதலாளியின் தம்பி எழுதியிருந்தார். பிறகு தம்பி விபத்தில் போய்விட்டார். கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டது, எந்நேரமும் படுத்துவிடும் என்று எங்களை அழைத்திருந்தார்கள்.

புரோகிராமைப் பிரவுசருக்குள் ஏற்றி, டேப்லெட்டில் ஓர் ஆர்டரைத் தட்டினேன். "நாலாம் மேச, ரெண்டு ரொட்டி, சீக்கிரம்லா" என்றது ஓர் இளைஞனின் குரல். ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். தம்பி ஒவ்வோர் ஆர்டருக்கும் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. குரலை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். முதலாளி பாய் வேண்டாம் என்று தலையசைத்து, இன்னொரு முறை தட்டச் சொல்லிக் கேட்டார்.

"இத்தன வருசமா இங்கதான் கத்திக்கிட்டு இருந்திருக்கான். நமக்குத்தான் கேக்கல."

கரண்ட் போன மத்தியானம்

எங்கள் ஆபீஸ் குனோங் ராபாட்டில், சுண்ணாம்புமலையை ஒட்டிய கடைவீட்டு மாடியில் இருக்கிறது. ஒரு மத்தியானம் கரண்ட் போய் சர்வர் அணைந்தது. என் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. சர்வரிலிருந்து ஓடிய ஒரு பழைய புரோகிராமின் பக்கத்தை மூடப்போனவள், அதில் சும்மா ஒரு கேள்வி தட்டிப் பார்த்தேன். பதில் வந்தது. இன்னொன்று தட்டினேன், அதற்கும் வந்தது. இணையம் போனால் சமாளிக்க, பிரவுசருக்குள்ளேயே தகவல்களின் ஒரு பிரதியை எங்கள் கருவி ஒளித்துவைக்கிறது என்று சாயங்காலம்தான் கண்டுபிடித்தோம். குமரன் எங்கிருந்தோ எடுத்துப் பொருத்திய ஒரு பகுதியின் வேலை அது. ஆனால் மத்தியானம் பதில் வந்த நேரத்தில் அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று, அணைந்த சர்வரையும் என் திரையையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டான்:

"அக்கா, இது யார்கிட்ட கேட்டுட்டு பதில் சொல்லுது?"

தானாக நகர்ந்த அம்பு

தாப்பாவில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர், யாழ்ப்பாணக் குடும்பம். ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. தான் வரைந்த வரைபடங்களைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மகள் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

அவர் வரையப் பயன்படுத்திய பழைய புரோகிராமைப் பிரவுசரில் திறந்தேன். நான் மவுஸைத் தொடவில்லை, அவரும் தொடவில்லை. திரையில் அம்பு நகர்ந்தது. ஒரு ரப்பர் தோட்டத்தின் எல்லையைப் பிசிறில்லாமல் வரைந்தது. பிறகு தொழிலாளர் குடியிருந்த லயங்கள், ரப்பர் பால் கொட்டகை, ஆற்றோரத்துச் சுடுகாடு. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் சற்று நின்று யோசித்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். முன்பு அவர் வேலை செய்தபோது அந்தப் புரோகிராம் பதிந்துவைத்த கையசைவுகளை எங்கள் கருவி தவறுதலாக மறுபடி ஓட்டியிருக்கிறது. அளவையாளர் இடது கையால் மவுஸைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். அம்பு நிற்கவில்லை. ‘தயாரில்லை’ என்று குறித்தேன். அவரோ சிரித்தார்.

"ஏன் பிள்ளை பயப்பிடுறீர்? அது என்ர வலது கை."

ரெண்டாம் அறை

ஒளிந்திருந்த பிரதி, தானாக நகர்ந்த அம்பு, அந்த இரண்டு பிழைகளையும் சரிசெய்துவிட்டோம் என்றார் பாஸ். தனியார் கிளினிக் ஒன்றில், நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழைய புரோகிராமை ஏற்றினோம். இரண்டு மாதமாக ஒரு குறையும் இல்லை. ‘தயார்’ என்று கையெழுத்துப் போடத்தான் அன்றைக்குப் போயிருந்தேன். வெளியே நல்ல மழை. இணையம் ஒரு நொடி விட்டு வந்தது.

"லெட்சுமி, ரெண்டாம் அறை" என்றது ஒலிபெருக்கி. நர்ஸ் ராணி அக்காவின் முகம் வெளுத்தது. "அந்தம்மா போன மாசமே தவறிட்டாங்க" என்றார் என் காதருகே. ஒளித்துவைத்த பழைய பிரதியைத்தான் அது வாசித்திருக்கிறது. உயிரோடு இருப்பவர் ஒருவருக்கு அடுத்தவர் மருந்து போயிருந்தால்? நான் பேனாவை மூடி வைத்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். லெட்சுமியின் கணவர், தன் பிரஷருக்கு மருந்து வாங்க வந்தவர். பக்கத்தில் யாரையோ தாங்கி அழைத்துப்போவதுபோல ஒரு கையை மடக்கியபடி, மெதுவாக ரெண்டாம் அறையை நோக்கி நடந்தார். ராணி அக்கா ஓடிப்போய்த் தடுத்தார். கம்ப்யூட்டர் தப்பாகக் கூப்பிட்டுவிட்டது என்று நானும் போய்ச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார்.

"இருக்கட்டும் தங்கச்சி. பேர் சொல்லிக் கூப்புட்டாங்க, போகாம இருந்தா நல்லா இருக்காதுலா."

பாஸ் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை, குமரன் பிரதி ஒளித்துவைக்கும் அந்தப் பகுதியையே பிடுங்கி எறிந்து புதிதாகக் கட்டினான், கடைசியில் ‘தயார்’ என்று நானும் எழுதிக் கொடுத்தேன். லெட்சுமியின் கணவர் எழுந்து நடந்ததை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் தெரியவில்லை.