ஒரு அன்னத்துக்குக் கண் இல்லை

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிப்பவன் நான். முப்பத்தொரு வருடம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, ஸ்ரீபெரும்புதூர் வண்டி எப்போது கிளம்பும் என்று மைக்கில் கத்திய தொண்டை இது. அதனால்தான் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் வாயைத் திறந்ததுமே பாதிப் பேர் கண் வாசலில் கிடக்கும் செருப்புக்குப் போய்விடும். காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் சம்பூர்ணம்.

கேட்டதோடு விட்டால் தேவலையே! வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னாண்ணா, நம்ப சின்னப்பையன் பையன் யுவனுக்குக் கல்யாண ஓலை வாசிச்சீங்களே, பொண்ணு மாகறல்ல எந்தத் தெரு? அப்பா இன்னா வேலை?"

"திரிஷான்னு எழுதியிருந்தது, வாசிச்சேன். நான் என்ன கல்யாணத் தரகனாம்மா?"

"கேட்டா வள்ளுனு விழுறீங்களே!"

பிள்ளையார்பாளையத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைக்கிறவள் அவள். மிஷின் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படிப்பட்டவளிடம் போய்க் கோயிலின் கல்யாண பீரோ சாவியைக் கொடுத்தார் பழைய பங்குத்தந்தை.

அந்த பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரே பட்டு நெய்கிறது. ஆனால் நெய்கிறவன் வீட்டுப் பெண் கல்யாணத்துக்குப் பட்டு கட்டுவது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அதற்காக வசதியுள்ளவர்கள் பழைய பட்டுப்புடவைகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். இல்லாதவர்கள் கல்யாணத்தன்று வாங்கிக் கட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள். சாவியைக் கொடுக்கும்போது பழைய ஃபாதர் ஒரே ஒரு கட்டளை போட்டார். கொடுத்தது யார் என்று கேட்கக் கூடாது, எடுத்துப் போவது யார் என்று சொல்லக் கூடாது.

"என் வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டுச் சாவிய எங்கிட்டயே குடுத்துட்டாரு பாருண்ணா" என்று அன்றைக்குப் புலம்பினாள். ஆனால் ஒன்பது வருடமாக அந்தச் சொல்லை மீறவில்லை. அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்தான்.

இந்த ஆகஸ்டில் புது ஃபாதர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். வாசித்தேன். மாதா திருவிழா ஞாயிறன்று பீரோவில் இருக்கும் பதினோரு பட்டுப்புடவைகளும் ஏலம் விடப்படும். அந்தப் பணத்தில் நான்கு மிஷின் வாங்கிப் பெண்களுக்கு இலவசத் தையல் வகுப்பு ஆரம்பமாகும். பீரோவைத் தேடி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் ஃபாதர் எடுத்த முடிவு நியாயமானதுதான்.

மறுநாளே சின்னப்பையன் கோயிலுக்கு வந்தார். பெயரில்தான் பையன். அறுபதை நெருங்குகிறார், கூலிக்குத் தறி நெய்கிறவர், பேச்சே குறைவு. மனைவி கலையரசி தவறி மூன்று வருடமாகிறது. பீரோ இருக்கும் அறை வாசலில் வந்து நின்று சம்பூர்ணத்தைக் கூப்பிட்டார்.

"பீரோல அந்துருண்டை போட்டிருக்கீங்களாம்மா? ஜரிகை கறுத்துப்புடும். எடுத்துட்டு வசம்பு கட்டி வையுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் திரும்ப வந்தார். மடிப்பை மாற்றி மாற்றி வைக்கிறீர்களா, இல்லையென்றால் பட்டு மடிப்பில் விட்டுப்போகும் என்றார். சம்பூர்ணத்துக்குத் தூக்கம் போயிற்று.

"ஏலம் போற புடவைக்கு வசம்பு வச்சா இன்னா, வைக்காட்டி இன்னா? இவருக்கு எதுக்குண்ணா இத்தினி அக்கறை?"

"போய் அவரையே கேளேன்."

"கேக்கக் கூடாதுன்னுதான ஃபாதர் சொல்லிட்டுப் போயிட்டாரு!"

அடுத்த வாரம் மூன்றாவது தடவை வந்தார். அன்று சம்பூர்ணம் ஏலத்துக்காகப் புடவைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் விலைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சின்னப்பையன் பதினோரு புடவையையும் பார்க்கவில்லை. அரக்கு நிறத்தில் ஒன்று இருந்தது, அதை மட்டும் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் மாதா சிலை இருக்கும் கெபியில் யாரோ மஞ்சள் பையில் வைத்துவிட்டுப் போன புடவை அது.

"அந்த அரக்க மட்டும் முந்தி வெளிய தெரியாத மாதிரி மடிச்சி வையுங்கம்மா. மூணாவது வரிசையில..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "ஒண்ணுமில்ல. நான் வரேன்."

அவர் கேட்டைத் தாண்டும் வரை சம்பூர்ணம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையைப் பிரித்து முந்தானையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். வரிசை வரிசையாக அன்னங்கள், எல்லாம் ஜரிகை. ஒவ்வொன்றுக்கும் கண் இருக்கும் இடத்தில் பச்சைப் பட்டில் ஒரு புள்ளி. மூன்றாவது வரிசையில் விரலால் தடவிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். அந்த ஒரு அன்னத்துக்கு மட்டும் கண் இல்லை.

"அய்யோ, ஆண்டவரே" என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். கண்ணில்லாத பறவை போட்ட புடவையைக் கல்யாண வீட்டார் தொட மாட்டார்கள், அபசகுனம் என்பார்கள். முதலாளி அதை நெய்தவன் தலையிலேயே கட்டிவிட்டுக் கூலியில் பிடித்துக்கொள்வார். அப்படித்தான் ஒரு தறிக்காரன் வீட்டுக்குப் பட்டு வந்து சேரும்.

"கலையரசி கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் இதத்தாண்ணா கட்டும். முந்திய இழுத்துப் போத்திக்கினே நிக்கும். குளிருதான்னு கூட கேட்டிருக்கேன். முந்தியப் பாக்காததால இது அதான்னு எனக்கே இத்தினி நாளா தெரியல. இதான் விசயமா!"

இந்த மூன்று வருடத்தில் நாலைந்து மணப்பெண்கள் அதைக் கட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். ஒருத்தியும் கவனிக்கவில்லை. அபசகுனமும் நடக்கவில்லை.

இப்போது யுவனுக்குக் கல்யாணம். கூறைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு முறை. கடையில் எடுக்க சின்னப்பையனுக்கு வழியில்லை. இருந்த ஒன்றையும், மனைவி போன பிறகு பார்க்கப் பொறுக்காமல் மாதா காலடியில் வைத்துவிட்டார். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வாய் வருமா? ஏலத்துக்கு ஆறு நாள் இருந்தது, கல்யாணத்துக்குப் பதினாறு நாள். ஏலத்தில் எந்தக் கடைக்காரர் தூக்கிக்கொண்டு போனாலும், மருமகள் உடம்பில் அந்தப் புடவையைப் பார்க்கும் ஆசை அதோடு போயிற்று.

"நீ போய் ஃபாதர்கிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"குடுத்தது யாருன்னு எப்படிச் சொல்லுவேன்? அவரு மானம் இன்னாவறது?"

புடவையை மடித்தாள், மறுபடி பிரித்து அந்த அன்னத்தையே பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிக்கொண்டு நேராக ஃபாதர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஃபாதர், இத ஏலத்துல விடாதீங்க. அன்னத்துக்குக் கண்ணு இல்ல. வாங்கினவன் நாளைக்கே சண்டைக்கு வருவான்."

ஃபாதர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "அட, ஆமாம்மா! என்ன செய்யலாம்?"

"நெய்யறவங்க கைல குடுத்தா சரி பண்ணிடுவாங்க. நம்ப சின்னப்பையன் அண்ணா இருக்காரு. அவராண்ட குடுக்கட்டுமா?"

"குடுங்கம்மா. அவசரமில்லை."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பொய் ஒண்ணும் சொல்லலியேண்ணா?" ஒரு காலத்தில் அந்தக் குறைதான் புடவையைக் கலையரசியிடம் சேர்த்தது. இப்போது அதே குறை ஏலத்திலிருந்தும் காப்பாற்றிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது.

அன்று சாயந்திரமே இருவரும் சின்னப்பையன் வீட்டுக்குப் போனோம். தறியை விட்டு எழுந்து வந்தார். சம்பூர்ணம் பையை நீட்டினாள்.

"இதுல ஒரு அன்னத்துக்குக் கண்ணு விட்டுப்போச்சாம்ணா. ஃபாதர் உங்களாண்ட குடுத்து வைக்கச் சொன்னாரு. ஒரு மாசமோ ஒரு வருசமோ ஆகட்டும். கண்ணு வச்சப்புறம் கொண்டாந்தா போதும். நடுவுல யாருனா ஒரு நாள் கட்டினா ஒண்ணும் தேஞ்சிடாது."

சின்னப்பையன் பையைப் பிரித்தார். அரக்கு நிறம் தெரிந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தறிப்பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்க அழுதார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று திரிஷா அந்த அரக்குப் பட்டில் பீடத்தின் முன்னால் வந்து நின்றாள். முந்தானையைப் போர்த்திக்கொள்ளவில்லை, முதுகில் தாராளமாக விட்டிருந்தாள். மூன்றாவது வரிசை என் கண்ணுக்கே தெரிந்தது. அந்த அன்னத்துக்கு இன்னும் கண் வைக்கவில்லை.

பந்தியில் சின்னப்பையன் தானே பிரியாணி பரிமாறினார். எங்கள் இலைக்கு வந்தபோது சம்பூர்ணத்தால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஒன்பது வருடம் போட்டிருந்த பூட்டு அல்லவா?

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்தக் கண்ணு தெரியாம விட்டுப்போச்சா, இல்ல புடவை வீட்டுக்கு வரட்டும்னு நீங்களே விட்டீங்களா?"

சின்னப்பையன் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். அவர் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது. அன்று சிரித்தார்.

"இருவது வருசமா கலையரசியும் இதத்தாம்மா கேட்டுக்கினே இருந்தா. ஆஸ்பத்திரில கூட கேட்டா. அவகிட்டயே சொல்லல. இப்ப உங்கிட்ட சொன்னேன்னு வையி, அவ என்னச் சும்மா விடுவாளா?"

சொன்னவர் அவள் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். சம்பூர்ணம் சோற்றைப் பிசைந்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.