மச்சானை அப்புறம் எடுத்துக்கலாம்

போன வாரம் ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் என் வீட்டு முன்னறையில் ஒரே புலம்பல். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். டொரொண்டோவிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் அண்ணன் மகன், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஃபோன்.

அப்பாவுக்கு ஏதாவதா என்று பதறிக் கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். அமெரிக்க ஃபுட்போலில் அவன் உயிரை விடும் டீம் ஒன்று, புதிதாக ஒரு பையனை எடுத்துவிட்டதாம். அதற்குத்தான் இந்தக் கூத்து!

சரி, விஷயத்தைச் சொல்லடா என்று தேத்தண்ணியைக் கையில் கொடுத்து உட்காரவைத்தேன். சொன்னான். பந்தைக் கையால்தான் எறிவார்களாம், ஆனால் பேர் ஃபுட்போலாம். அமெரிக்காக்காரனை யார் கேட்பது? வருஷத்துக்கு ஒருமுறை எல்லா டீமும் வரிசையில் நின்று, புதுப் பையன்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். ஒரு டீம் கூப்பிட்டுவிட்டால் மற்ற டீம்கள் அந்த ஆளை மறந்துவிட வேண்டியதுதான். இதில் குவாட்டர்பேக் என்று ஒருத்தன். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று அவன் யோசிப்பதற்குள் எதிர் டீம் தடியன்கள் அவன்மேல் வந்து விழுவார்கள். எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீடுகளுக்கு, ஒரே தண்ணிக் குழாய் - பீலி - இருக்குமே, அது மாதிரி... அவன் அடைத்துக்கொண்டால் எல்லோர் குடமும் காலி.

இவனுடைய டீம் முதல் ஆளாகக் கூப்பிட்ட பையன் கொலேஜில் ஒழுங்காக நாலு மேட்ச் ஆடினவன் இல்லையாம். ஆனால் பார்க்கிறவன் வாய் பிளக்கிற தூரத்துக்கு எறிவானாம்.

"தூரமா எறியிறான்தான் அத்தை. ஆனா மேல ஆள் வந்து விழுறப்ப எறிஞ்சிருக்கானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குக் கோபம். உங்களுக்கு இதெல்லாம் விளங்காது என்றான்.

எனக்கா விளங்காது? அடேய், இதே கூத்தில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. உன் அப்பனைக் கேட்டுப் பார்!

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். அதனால் வாய் கொஞ்சம் அதிகம். (இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்று முணுமுணுப்பவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.)

தீபாவளிக்குத் தீபாவளி மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் ஃபுட்போல் மேட்ச் நடக்கும். ஜெயித்தவர்களுக்குத் தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை, ஒரு கிடா கொடுப்பார். முந்தின வருஷம் கிடாவை விட்டுவிட்டு ஆளை வெட்டப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் பேர் கொடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு, பாதிப் பேர் தலையில் கட்டோடு வந்து நின்றார்கள். தோட்டத்து ஆபிஸ் பெரிய கிளாக்கர்தான் மேட்சுக்கு ரெஃப்ரி; அவர் கடுப்பாகி ஒரு சட்டம் போட்டார். இனி டிவிசன் கிடையாது. இரண்டு கேப்டன்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, மாறி மாறிப் பேர் சொல்லி ஆள் எடுக்க வேண்டியது. அமெரிக்காக்காரன் எங்களைப் பார்த்துத்தான் படித்தானோ என்னவோ!

ஒரு கேப்டன், லொறி டிரைவர் செல்லமுத்து. இன்னொருவர் சந்தனம். ஸ்டோரில் - தேயிலை ஃபெக்டரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் - மெஷின் பார்ப்பவர். இந்தச் சந்தனத்தின் வீட்டிலிருந்துதான் என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். தீபாவளி கழிந்து பரிசம் போடுவதாகப் பேச்சு. எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அப்போது யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது பத்திரிகையில் எழுதுவதற்கு என்ன வெட்கம்?

தோட்டத்தில் நல்ல ஆட்டக்காரர் என்றால் என் அண்ணன் ராஜதுரைதான். இது தங்கச்சி சொல்கிற பேச்சு இல்லை. எதிர்த்து ஆடி முட்டி பெயர்ந்தவர்களே சொல்வார்கள். ஆனால் வருஷக்கணக்காக ஆடியதால் அண்ணனுடைய குறைகளும் ஊருக்கே மனப்பாடம். இடது காலில் அடி வராது. விசில் ஊதினால் கிளாக்கரிடம் சண்டைக்குப் போவார். இரண்டாவது பாதியில் மூச்சு வாங்கும். கைக்குழந்தைகூட இதைச் சொல்லும்.

இந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து வந்து இறங்கினான் மோகன். புடவைக் கடையில் வேலை. தீபாவளி லீவு. தோட்டமே வெறுங்காலோடு பந்தடித்த காலத்தில் அவன் காலில் பூட்ஸ்! கோடு போட்ட ஸ்டொக்கிங்ஸ் வேறு. சாயங்காலமானால் பெரட்டுக் களத்துக்கு வந்து பந்தை முழங்காலில் தட்டுவான், தோளில் தட்டுவான், நெற்றியில் நிறுத்துவான். கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் வெற்றுக் கூடையோடு வாய் பார்த்து நிற்பார்கள். ஒருநாள் ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து லயத்துக் கூரையைத் தாண்டிக் கோயில் வாசலில் போய் விழுந்தது. பூசாரி கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். மோகன் கொழும்பில் பெரிய கிளப்புக்கு ஆடுகிறானாம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அவன் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. புத்திசாலி!

அவன் மேட்ச் ஆடி யாராவது பார்த்தார்களா? ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவனுடைய பலம். ஆடியவனுக்கு நூறு குறை. ஆடாதவனுக்கு ஒரு குறையும் கிடையாது. மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து எம்.பி. பார்ப்பது வரை நாம் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுக்கிற நாள். களத்தில் திருவிழாக் கூட்டம். என் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். ஏன் என்று கேட்கிறீர்களா? காசு சுண்டியதில் முதலில் கூப்பிடுகிற வாய்ப்பு சந்தனத்துக்கு விழுந்திருந்தது. மாப்பிள்ளை ஆகப்போகிறவர், மச்சான் ஆகப்போகிறவரை ஊர் அறிய முதல் ஆளாகக் கூப்பிடப் போகிறார். அதைவிட மரியாதை வேறென்ன? அண்ணன் தலையைக் கூட வாரிக்கொண்டு போயிருந்தார்.

சந்தனம் தொண்டையைச் செருமினார்.

"மோகன்," என்றார்.

செல்லமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ராஜதுரை, வாப்பா இந்தப் பக்கம்" என்று அண்ணனை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போய் நின்றார். அந்த முகத்தை நான் மேட்டிலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த அப்பா வெற்றிலைப் பையைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

"மச்சானையே ரெண்டாவதா நெனைக்கிறவன், பொண்டாட்டிய எத்தனாவதா நெனைப்பான்? பரிசமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

அண்ணன் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். மறுநாள் சந்தனத்தின் தங்கச்சி பீலிக்குத் தண்ணிக்கு வந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். பரிசச் சேலையை அந்த மோகனுக்கே கட்டிவிடச் சொல்லு என்று நன்றாகச் சொல்லி அனுப்பினேன்.

பதில் சாயங்காலமே வந்தது. மச்சானை விட வேண்டும் என்று சந்தனம் நினைக்கவே இல்லையாம். மோகனை முதலில் எடுக்காவிட்டால் செல்லமுத்து கொத்திக்கொண்டு போய்விடுவார். ஆனால் மச்சானை? சம்பந்தம் பேசியிருக்கிற வீட்டு ஆள். ஊருக்கே தெரியும். அடுத்தவன் மச்சானை எவனாவது எடுப்பானா? அதனால் இரண்டாவதாக, அவசரமில்லாமல் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாராம். செல்லமுத்துவுக்கு இப்படி வெட்கம் மானம் இல்லாமல் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லையாம்!

மனுஷன் கிடாவுக்கு நடக்கிற போட்டியில் போய் மரியாதையை எதிர்பார்த்திருக்கிறார். இந்த ஆளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் கோபம் பாதியாகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத்தான் குறையவில்லை. நாவலப்பிட்டியில் யாரோ ஒரு மாப்பிள்ளை இருப்பதாக விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தீபாவளி வந்தது. மத்தியானம் தோட்டமே கிரவுண்டுக்குப் போனது.

எங்கள் கிரவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மேடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு, அடியில் ஓடை. பந்து அந்தப் பக்கம் போனால் போனதுதான். அதற்காகவே ஒரு பழைய சட்டம் உண்டு. அடித்தவன்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். அதுவரை கையிலிருக்கும் பழைய பந்தை வைத்து ஆட்டம் நடக்கும், ஒரு ஆள் குறைவாக. அதனால் எங்கள் ஆட்கள் பந்தைத் தரையோடுதான் தள்ளுவார்கள். உயர அடிக்கிறவனை எங்கள் கிரவுண்ட் மன்னிக்காது.

மோகனின் கால் அந்தச் சட்டம் படித்ததில்லை. முதல் பந்து கிடைத்தது. அண்ணன் எதிரே ஓடி வந்தார். மோகன் பயந்துபோய் ஓங்கி ஒரு உதை. அடடா, என்ன உதை! கோல், கோடு, கொடி எல்லாவற்றையும் தாண்டித் தேயிலைக்குள் போய் மறைந்தது. ஜனம் கைதட்டியது. கிளாக்கர் விசில் ஊதிச் சரிவைக் காட்டினார். மோகன் பூட்ஸோடு இறங்கினான்.

அவன் ஏறி வருவதற்குள் அண்ணன் ஒரு கோல் போட்டுவிட்டார். இடது காலால்!

வந்தான். மறுபடி பந்து, மறுபடி எதிரே ஆள், மறுபடி உதை, மறுபடி சரிவு. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எதிரே ஆள் இல்லாதபோது நெற்றியில் பந்தை நிறுத்தியவனுக்கு, எதிரே ஆள் வந்தால் உதைப்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாதி ஆட்டம் தேயிலைக்குள்தான் ஆடினான். மழைக்காலத்து அட்டைகளுக்கு அன்றுதான் உண்மையான தீபாவளி.

இரண்டாவது பாதியில் இன்னொரு பந்து கீழே போனதும் மோகன் போகவில்லை. சரிவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஸ்டொக்கிங்ஸ் முழுக்க ரத்தம். கண்ணில் தண்ணி. அவன் டீம்காரர்களே சுற்றி நின்று வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். பூட்ஸைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னான் ஒருத்தன். இவனால் எல்லாம் போச்சு என்று இன்னொருத்தன் சட்டையைப் பிடித்தான்.

சந்தனம் வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அவனா வந்து நின்னான்? நான்தான கூப்பிட்டேன். அவன உடுங்க, பந்த நான் எடுத்துட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு சரிவில் இறங்கிவிட்டார், கேப்டன்! அவர் கீழே அட்டைகளோடு பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அண்ணன் இன்னொரு கோலும் போட்டார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் அப்பாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாவலப்பிட்டி மாப்பிள்ளை ராஜாவாக இருந்தாலும் வேண்டாம் என்று அந்த மேட்டில் நின்றுதான் முடிவு செய்தேன். ஆனால் அந்தக் காலத்தில் நான் முடிவு செய்து என்ன ஆகப்போகிறது?

தோல்வி என்றால் அப்படி ஒரு தோல்வி. ஆட்டம் முடிந்தபோது சந்தனம் யாரையும் குறை சொல்லவில்லை. மோகனின் தோளில் கைபோட்டு லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அண்ணன் தன் பங்குக் கிடாக்கறியோடு வீட்டுக்கு வந்தார். அப்பா நல்ல குஷியில் இருந்தார். பார்த்தாயா, அந்தப் பயலுக்கு நல்லா வேணும் என்று ஆரம்பித்தார். நாளைக்கே நாவலப்பிட்டிக்கு ஆள் அனுப்பப் போவதாகவும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக இந்த வீட்டில் யார் வாய் திறப்பது? அவமானப்பட்டவர் அண்ணன். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது.

அண்ணன் கறியை அம்மாவிடம் கொடுத்தார். கையைக் கழுவினார். அப்புறம் சொன்னார்:

"அவனுக்கு ஆளப் பாத்து எடுக்கத் தெரியலப்பா. ஆனா எடுத்த ஆளக் கைவிடவும் தெரியல. நம்ம புள்ளைக்கு அது போதும். பரிசம் போட வரச் சொல்லுங்க."

அப்பா எழுந்து, கொடியில் கிடந்த சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தனத்தின் லயத்துப் பக்கம் நடந்தார். நான் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அம்மாதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஆளப் பாத்து எடுக்கத் தெரியாதவன் எடுத்த பொண்ணுன்னா... அப்ப நம்ம மக எப்படிப்பட்டவ?"

அதே கேள்வியை என் வீட்டுக்காரர் சந்தனத்திடம் நானும் அவ்வப்போது கேட்டுப் பார்க்கிறேன். கேட்டவுடன் மனுஷனுக்குக் கடைத்தெருவில் ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துவிடுகிறது!