ஆள் மாறிப்போச்சு

ராமேஸ்வரம் பக்கத்தில் கடலோர விடுதி ஒன்றின் தோட்டத்துக்கு நான்தான் சூப்பர்வைசர். போன வருஷம் புதிதாக நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. வந்த பதினோரு பேருக்கும் ஒரே வேலை கொடுத்தேன். ஒன்றரை அடிக் குழி தோண்டி, அரளிக் கன்று நட்டு, தண்ணீர் விட வேண்டும். மேனேஜர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ஏழாவதாக வந்தவள் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஏத்தா, நீயா! எம்புட்டு வருசமாச்சு! இங்கனயா இருக்க?"

வாலிநோக்கம் உப்பளத்தில் இரண்டு வருஷம் என்னோடு உப்பு வாரியவள். உப்புத்தண்ணியில் நின்று நின்று என் பாதம் வெடித்து நடக்க முடியாமல் போன மாதம், என் கூடைகளையும் சேர்த்து அவள்தான் சுமந்தாள். ஆனால் விடுதியில் நான் சொல்லியிருந்த கதை வேறு. பரமக்குடிப் பக்கம் நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யாரும் என்னிடம் அப்படி ஒரு பொய்யைக் கேட்கவில்லை.

"தெரிஞ்சவங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். வேற யாரோன்னு நெனச்சுட்டாங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமாங்கய்யா, அதே முகச்சாடை. ஆள் மாறிப்போச்சு" என்றாள். எனக்காகப் பொய் சொல்லிவிட்டுக் குனிந்து குழி தோண்டத் தொடங்கினாள்.

அவள் நட்ட கன்றுதான் அன்றைக்கு நேராக நின்றது. வேகத்திலோ சுத்தத்திலோ மதிப்பெண்ணைக் குறைக்க வழியில்லை. தாளில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், 'இடம் பார்த்துப் பேசத் தெரியவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. எடுத்த நால்வரில் அவள் இல்லை.

மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு ஒரு நாள் மேனேஜரிடம் உப்பளத்தில் வேலை பார்த்ததைச் சொன்னேன். "அதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு போனை எடுத்துப் பேசப் போய்விட்டார். அவளைத் தெரியும் என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வாலிநோக்கத்துக்கு பஸ் ஏறினேன். அவள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள், கோபம் எதுவும் தெரியவில்லை.

"என்னைய மன்னிச்சிரு. ஒரு ஆள் நின்னுட்டாங்க, அந்த எடம் காலியா இருக்கு. நாளைக்கே வா."

"வேணாத்தா."

"ஏன்? எம்மேல கோவமா?"

"கோவமென்ன. அங்கன வந்தா ஒன்னைய நான் என்னன்னு கூப்பிடுறது?"

"பேரச் சொல்லியே கூப்பிடு. மேனேஜர்கிட்ட உப்பளத்துக் கதையச் சொல்லிட்டேன்."

"என்னையத் தெரியும்னு சொன்னியா?"

நான் குனிந்து வரப்பைப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். ஏளனச் சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெயிலு ஏறுது. நீ கெளம்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குள் இறங்கினாள்.

பஸ் வர ஒரு மணி நேரமானது. ரோட்டோரத்தில் நின்ற என்னை அங்கிருந்தே அவளால் பார்க்க முடியும். அவள் பார்க்கவில்லை.