சவளக்கடையில் நான் சுட்ட கள்ளன்

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து, வெள்ளிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர் சொச்சம், நூற்றெண்பது ரூபாய். பையில் பத்து வருசத்துக்கு முன் நானே எழுதிய நாவல். அதற்குள் சவளக்கடையிலிருந்து வந்த கடிதம். "என்ட வாப்பா கரீம் கள்ளனில்ல. வந்து பாருங்க." அவ்வளவுதான் கடிதம். நாவலின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருந்த நேரம்.

எட்டேகாலுக்குக் கல்முனை. நான் பிறந்த ஊர். எங்கள் புடவைக்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். அந்தக் கடையின் துணிக்கட்டுகளுக்கிடையில் ஒளிந்துகொண்டுதான் கௌபாய்க் கதைகளை விழுங்கினேன். குதிரை, புழுதி, மாட்டுக் கள்ளர், கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கி. நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. அவற்றில் எவ்வளவு உண்மை என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

பின்னாளில் சவளக்கடைப் பக்கம் மாடு வளர்த்த, துப்பாக்கியும் கையுமாகத் திரிந்த துவக்குக் காசிமின் வீரக்கதைகள் காதில் விழுந்தன. நம்மூர்க் கௌபாய் கிடைத்துவிட்டான் என்று துள்ளினேன். கரீம் என்பவரின் பட்டியில் காசிமின் குறி சுட்ட மாடுகள் நின்றது ஊரறிந்த செய்தி. வேறென்ன சாட்சி வேண்டும்? கரீமைக் கள்ளனாக்கி, காசிமின் கையால் சுட்டு வீழ்த்தி நாவலை முடித்தேன். பெயர்களைக்கூட மாற்றவில்லை.

ஆட்டோவில் கிட்டங்கிப் பாலம் தாண்டிச் சவளக்கடை, எண்ணூறு ரூபாய். கடிதம் எழுதிய ஆமினா ராத்தா வாசலிலேயே நின்றார். கையில் பிளேன்டீயைத் தந்து, நேரே மாட்டுப்பட்டிக்குக் கூட்டிப் போய் ஒரு பசுவின் தொடையைத் தட்டினார்.

"இது ஆர்ர குறி?"

"காசிமுடையது."

"காசிம் மாமா என்ட உம்மாட கூடப்பொறந்த காக்கா. இது அவங்கட குடிக்குறி. உம்மாட கலியாணத்துக்குச் சீதனமாக் குடுத்த மாட்டுட வழி இது. சீதன மாட்டுல பொண்ணுட குடிக்குறிதானே இரிக்கும்? மற்றப் பக்கம் பாருங்க, வாப்பாட பேரெழுத்து."

"அப்ப, காசிம் சுட்டது?"

"யானய வெருட்ட வானத்துக்குச் சுட்ட வெடி. வாப்பா பக்கத்துல பந்தம் புடிச்சிட்டு நின்டவர்."

குடி என்கிற வம்சம் தாய்வழி வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை. மாட்டின் தொடையிலும் அது எழுதப்பட்டிருக்கும் என்று தோன்றவேயில்லை. நான் படித்த கதைகளில் குறி மாறினால் கள்ளன்தான். வெட்கத்துடன் பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இரண்டாம் பதிப்பில் திருத்திவிடுகிறேன் ராத்தா."

"புதுசத் திருத்துவீங்க. பழச வாசிச்ச ஆக்களுக்கு ஆர் சொல்ற? என்ட பேரனக் கள்ளன்ட வம்சம் எண்டு வகுப்புல பகிடி பண்றாங்க. இண்டைக்கு ஜும்ஆ. பள்ளியில எழும்பிச் சொல்லுங்க தம்பி."

தொழுகை முடிந்ததும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். மூன்றே வசனம்: கரீம் கள்ளனில்லை. அவரை யாரும் சுடவுமில்லை. பிழையாக எழுதியவன் நான்.

வெளியே செருப்புத் தேடும்போது ஒருவர் என் தோளைத் தொட்டார். "அப்ப காசிம் ஆரையும் சுடல்லியா?" முகத்தில் அப்பட்டமான ஏமாற்றம். அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை. துணிக்கட்டுக்குள் ஒளிந்து படித்த நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கொழும்பில் என் அலுமாரி நிறைய அந்தக் கதைகள் இருக்கின்றன. அவற்றில் சுருண்டு விழுந்த கள்ளர்களில் எத்தனை பேருக்குக் கடிதம் எழுத ஒரு மகள் இருந்தாளோ, தெரியாது.

மூன்று மணிக்குத் திரும்பும் ஆட்டோ வந்தது. ஆமினா ராத்தாவிடம் விடைபெறப் போனேன். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கிறார், கண் சிவந்திருந்தது.

"வாப்பாட பேர ஒருக்காத்தான் சொன்னீங்க தம்பி," என்றார். "இன்னொருக்காச் சொல்லியிருக்கலாம்."