அமைச்சர் சீக்கிரம் வந்த கல்யாணம்

என் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டிய அமைச்சர், முகூர்த்த நேரம் கழிந்து ரொம்ப நேரத்துக்கு அப்புறம்தான் செங்கல்பட்டு மண்டபத்துக்கு வந்தார். அதுவரை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன். நல்ல நேரம் போய்விட்டது என்று மாமனார் இன்றைக்கும் சொல்கிறார். என்னைப் பார்த்தால் அவருக்கு வேறு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

அதற்குப் பிறகு அமைச்சருக்கு எத்தனையோ இலாகா மாறியது. தாமதம் மாறவில்லை. அதனால் எங்கள் தொகுதியில் ஒரு வழக்கம் உண்டு. அவருக்கு மட்டும் முகூர்த்தத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் போட்டுத் தனிப் பத்திரிகை அடிப்போம். என் மகன் கல்யாணத்துக்கும் அப்படியே அடித்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அமைச்சரவையை மாற்றினார்கள். டிவி வாசித்த பட்டியலில் அவர் இல்லை. வாசல் பேனரில் ‘மாண்புமிகு’வின் மேல் ஏதாவது ஒட்டலாமா என்று சம்பந்தி போனில் கேட்டார். மனுஷன் வரவே மாட்டார், விடுங்கள் என்றேன்.

காலையில் மண்டபத்தில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொடியில்லாத கார் ஒன்று வந்து நின்றது. அவரே கதவைத் திறந்து இறங்கினார். நான் லுங்கியில், வாயில் பிரஷ்ஷோடு நின்று வரவேற்றேன்.

“இன்னாப்பா, முகூர்த்தத்த வச்சிக்கினு இப்பதான் பல்லு வௌக்கிக்கினு கீற?”

நான் நுரையை விழுங்கினேன். அவர் வரவேற்பு மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். அதில் நிஜமான நேரம் இருந்தது. தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே என்று ஆரம்பித்தேன்.

“எனக்குன்னு தனியா அடிக்கறது எப்பவோ தெரியும்பா. அத்த கணக்கு போட்டுத்தான் இன்னும் லேட்டா வருவேன்.” பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “இன்னிக்கி வூட்ல உக்கார முடியல. போனே அடிக்கல.”

முன்வரிசையில் உட்கார்ந்தார். எழுந்தார். கோணலாக இருந்த நாற்காலிகளை நேராக்கினார். போனை எடுத்துப் பார்த்தார். முகூர்த்தத்தில் தாலியைச் சரியான நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தார். என் மாமனார் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார்.

மேடையிலிருந்து இறங்கியதும், பழக்கத்தில், திரும்பாமலே பின்பக்கம் கேட்டார்: “அடுத்தது எங்க?”

வழக்கமாக அவருடைய உதவியாளர் நிற்கும் இடத்தில் பன்னீர்ச் செம்போடு நான்தான் நின்றேன்.

“சாயங்காலம் மாமல்லபுரத்துல ரிசப்ஷன்ணே.”

இந்த முறை உண்மையான நேரத்தையே சொன்னேன். விளக்குப் போடும் ஆட்களோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கடலோர விடுதியின் புல்வெளியில் அவர் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார். கையில் போன்.