பத்தினிக்குக் குரல் கொடுத்தவள்

தியாகராய நகரில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. தமிழ் தெரியாத பெண்கள் திரையில் வாயசைப்பார்கள். அழுகையும் விம்மலும் என்னுடையவை. குடும்பப் படமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொறுமை என் குரலில் நன்றாக வருகிறதாம்.

நிஜத்தில் அவ்வளவு பொறுமை எனக்கு இருக்கவில்லை. அடையாறு வீட்டில், விருந்தினர் முன்னால் கணவர் என்னை அறைந்தபோது நான் வசனம் எதுவும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கதவைத் திறந்த அம்மா முதலில் கேட்டது, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்பதைத்தான். பிறகு விவாகரத்தும் ஆயிற்று.

போன வருடம் வந்த ஒரு படத்தில் இதே காட்சி. கூடம் நிறைய சொந்தக்காரர்கள், கணவன் அறைகிறான். மனைவி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்.

டப்பிங் தொடங்கும் நாளில் சின்னதாக ஒரு பூஜை. குத்துவிளக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். இயக்குநர் என்னைத் தனியே அழைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. சுமங்கலி யாராவது ஏத்தினா நல்லதுன்னு புரொட்யூசர் ஃபீல் பண்றாரு."

சரி என்றேன். புதிதாகக் கல்யாணமாகியிருந்த வரவேற்பறைப் பெண்ணை அழைத்து வந்து விளக்கேற்றினார்கள். அவளுக்குத்தான் கூச்சமாகிவிட்டது, என் முகத்தைப் பார்க்காமலே ஏற்றிவிட்டுப் போனாள்.

அது முடிந்ததும், தாலியின் மகிமையைப் பேச அதே ஆட்கள் என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். சத்தம் வருமென்று வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினேன்: "அடிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அனுப்பத்தான் உரிமை இல்ல." கண்ணீர் போதவில்லை என்றார் இயக்குநர். கூடுதலாகக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புரொட்யூசர் கைக்குட்டையை எடுத்தார். என் கை பட்டால் விளக்கு தீட்டாகும்; என் தொண்டையிலிருந்து வந்தால் தாலி புனிதமாகும். இந்தக் கணக்கு அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

படம் நன்றாக ஓடியது. ராயப்பேட்டையில் பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"எப்படிப் பொறுத்துண்டா பாத்தியா? நீயும் கொஞ்சம் பொறுத்துண்டிருக்கலாம்."

"அம்மா, அது என் குரல்."

"தெரியாதா எனக்கு? குரல் ஒன்னோடது. மனசு அவளோடது."

அந்த மனசு அவளுடையதும் இல்லை, அதை எழுதியவர் ஒரு ஆண், அவர் மனைவி அவரோடு இல்லை என்று சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மாமியோடு இன்னொரு தடவை போகவேண்டும், நல்ல சீட்டாகப் பார்த்து டிக்கெட் போடு என்றாள். போட்டுக் கொடுத்தேன்.