சாம்பார்ப் பொடிக்கு வந்த லைசென்ஸ் சிக்கல்

பெருங்குடியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, மந்தைவெளியில் ஒரு பிளவுஸ் தைக்கும் கடைக்கு மேல் இருந்த அறையில் நானும் என் காலேஜ் நண்பனும் மொபைல் ஆப் கம்பெனி ஆரம்பித்தோம். கம்பெனி என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். இணையத்தில் எது இலவசமாகக் கிடைத்தாலும் அவன் எடுத்துப் போட்டுவிடுவான். கீழே பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் உட்கார்ந்து படிப்பேன். என் அம்மா சாந்தோமில் டீச்சர். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லியே வளர்த்தார்.

எங்களுக்கு முதலில் வேலை கொடுத்தவர் மயிலாப்பூரில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒரு மாமா. கல்யாண வீட்டுக்காரர்கள் ஆப்பிலேயே மெனுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமா தன் பாஸ்வேர்டைப் போட்டால், இத்தனை பேருக்குப் பருப்பு எவ்வளவு, மாமா ஆத்து சாம்பார்ப் பொடிக்கு என்னென்ன எந்த அளவில் போட வேண்டும் என்பதெல்லாம் வந்து நிற்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் ஓட வேண்டும், ஐஃபோனிலும் ஓட வேண்டும்.

இரண்டுக்கும் தனித்தனியாக எழுத எங்களுக்குத் தெம்பு இல்லை. ஒரு தடவை எழுதினால் இரண்டிலும் ஓடுகிற ஃப்ரேம்வொர்க் ஒன்றை நண்பன் கண்டுபிடித்தான். இலவசம், வேகமும் அபாரம். முக்கால்வாசி முடிந்த பிறகுதான் அதன் லைசென்ஸை நான் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு, மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

"லைசென்ஸா? எனக்குத்தான் இருக்கே. ஃப்ரேம் போட்டு மாட்டிண்டிருக்கேன் பாரும்மா" என்றார் மாமா.

"அது சாப்பாட்டு லைசென்ஸ் மாமா. இது வேற. நம்ம ஆப்பை இறக்கிக்கிட்டவங்க யார் கேட்டாலும், உள்ளே நாங்க எழுதின கம்ப்யூட்டர் கோடு மொத்தத்தையும் குடுத்தாகணும். குடுக்க வேண்டாம்னா காசு கட்டி வியாபார லைசென்ஸ் வாங்கணும். அது நீங்க எங்களுக்குக் குடுக்கறதைவிட அதிகம்."

"கோடுக்குள்ள என்ன இருக்கு?"

நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். "எல்லாம் இருக்கு மாமா. சாம்பார்ப் பொடியும் இருக்கு."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே மிக்ஸி நின்றது. மாமி வெளியே வந்தாள்.

"வெந்தயம் எவ்வளவுன்னு தெரிஞ்சுடுமா?"

"தெரிஞ்சுடும் மாமி."

"என் நாத்தனாருக்கும்?"

"அவங்ககிட்ட ஃபோன் இருந்தா."

"இருக்கு" என்றாள் மாமி, யாரோ போய்விட்டதைச் சொல்வது போல.

பொடியின் அளவுக் கணக்கை மட்டும் ஆப்பிலிருந்து எடுத்து எங்கள் சர்வரில் வைத்துவிடலாம், அப்போது யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றான் நண்பன். ஆனால் அதற்கு இன்டர்நெட் வேண்டும். மண்டபங்களில் சமையற்கட்டு பாதிக்குப் பாதி தரைக்குக் கீழே இருக்கும், அங்கே சிக்னல் வராது. "நான் மாடி ஏறி வெந்தயத்தைப் பார்த்துண்டு இறங்கறதுக்குள்ள பருப்பு அடிபிடிச்சுடும்" என்றார் மாமா.

கடைசியில் வேறொரு ஃப்ரேம்வொர்க்கில் முதலிலிருந்து எழுதினோம். அதன் லைசென்ஸ் சின்னது. எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள், எழுதியவர்களின் பெயரையும் இந்தக் குறிப்பையும் மட்டும் எடுத்துவிடாதே, அவ்வளவுதான். ஆனால் ஆப் குண்டாகிவிட்டது. பழைய ஃபோன்களில் மெனுவைத் தள்ளினால் திக்கித் திக்கி நகர்ந்தது. ஐஃபோனில் அப்பளத்தின் படம் பாயசத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்கி வைப்பதற்குள், "எல்லாம் நீ படிச்சதால வந்தது மச்சி" என்று நண்பன் என்னைத் திட்டித் தீர்த்தான்.

மாமாவுக்கு ஆப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனவர், கடைசியில் யாருமே திறக்காத லைசென்ஸ் பக்கத்துக்கு வந்து நின்றார். பெயர்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன.

"இவாள்ளாம் யாரு?"

"நாங்க எடுத்துப் போட்ட துண்டுகளை எல்லாம் எழுதினவங்க மாமா."

"என்ன குடுத்தேள்?"

"ஒண்ணும் இல்ல. இலவசம்."

"சாப்பாடாவது?"

"அவங்க எல்லாம் வெளிநாட்டுல இருக்காங்க மாமா."

"அங்கே பசிக்காதா?"

மாமா விடவில்லை. இந்தப் பட்டியலில் உள்ளவர் யார் சென்னைக்கு வந்தாலும் என் பந்தியில் சாப்பிடலாம் என்று அந்தப் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நாங்களும் எழுதிவைத்தோம்.

ஒருவர் படித்துவிட்டார். பக்கத்தைக் கீழே இழுத்தால் சுற்றுமே ஒரு சின்ன வட்டம், அதை எழுதியவர். ஃபின்லாந்துக்காரர். தன் வட்டம் எந்தெந்த ஆப்பில் சுற்றுகிறது என்று தேடிப் பார்ப்பது அவர் பொழுதுபோக்காம். பெங்களூருக்கு ஏதோ வேலையாக வருகிறேன், அந்தச் சாப்பாடு நிஜமா என்று மெயில் அனுப்பினார்.

தி. நகரில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனோம். கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் மாமா அனுமதி வாங்கியிருந்தார், ஆனால் அந்த அப்பா அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பெண் வீட்டார் ஃபின்லாந்துக்காரரை மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு மேலதிகாரி என்று நினைத்து மேடையில் ஏற்றி ஃபோட்டோ எடுத்தார்கள். முதல் பந்தியில் மாமாவே பரிமாறினார். சாம்பாரை மறுபடி கேட்டு வாங்கியவர், இதில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"அவர் லைசென்ஸ் வேற, நம்ம லைசென்ஸ் வேறன்னு சொல்லும்மா" என்றாள் மாமி.

சொன்னேன். அவர் சிரித்ததில் பாயசம் புரையேறிவிட்டது. பக்கத்து இலையில் இருந்த பெரியவர் தலையில் தட்டிக் கொடுத்தார்.

தாம்பூலப் பையைக் கொடுத்து அனுப்பினோம். ஏர்போர்ட்டில் தேங்காயை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று மறுநாள் மெயில் வந்தது. மாமாவுக்கு அது பெரிய மனக்குறை. ஃபின்லாந்துக்குத் தேங்காய் அனுப்ப எந்த கூரியர் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.